நாற்பத்தொரு சாமான்கள்

எட்டுப் பேர் குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு எத்தனை குடை வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. எங்கள் வீட்டில் இருபத்து மூன்று இருந்தன. ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். நான்கு விரிந்தன. ஐந்தாவது விரிந்தது, ஆனால் மடங்க மறுத்துவிட்டது. மீதிப் பதினெட்டை எதற்கு வைத்திருக்கிறோம் என்று மாமியாரிடம் கேட்டேன். மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

ஐயா, நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு முறை, அந்தச் சனிக்கிழமை காலையில். அப்போது கூடம் விசாலமாக இருந்தது. உங்களுடன் வந்த காவலர் சுற்றிலும் பார்த்துவிட்டு, வீடு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று உங்கள் காதருகில் சொன்னது எனக்கும் கேட்டது. சாவு வீட்டில் சந்தோஷப்படக் கூடாது என்பதால் பேசாமல் இருந்தேன். அந்த விசாலத்துக்கு நான்தான் பொறுப்பு. அது எப்படி வந்தது என்று வரிசையாகச் சொன்னால் மற்றது தானாக விளங்கிவிடும்.

நான் பம்புசெட் உதிரிப்பாகக் கிடங்கில் பத்தொன்பது வருடமாகப் பொறுப்பாளர். ஆறாயிரத்துச் சொச்சம் வகை. எது எந்தத் தட்டில், எந்தப் பெட்டியில் என்று கேட்டால் கேட்டவர் வாயை மூடுவதற்குள் சொல்லிவிடுவேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் என் சீப்பு எங்கே என்று எனக்குத் தெரியாது. வீட்டோடு மாப்பிள்ளையாகப் பதினைந்து வருடம் இருந்ததில் எனக்கென்று அந்த வீட்டில் வாய்த்தது அலமாரியில் ஒரு தட்டு. அதிலும் பாதியில், மச்சான் பள்ளிக்கூடத்தில் கயிறு இழுத்து வாங்கிய கோப்பை உட்கார்ந்திருந்தது. மீதிப் பாதியில் என் சட்டைகள்.

வீடு மாமனாருடையது. கீழே டயர் கடை, மாடியில் நாங்கள். மாமனார், மாமியார், நான், என் மனைவி, எங்கள் இரண்டு பெண்கள், மனைவியின் தம்பியான மச்சான், அவன் மனைவி. மாமனார் முப்பத்திரண்டு வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறு வருடத்துக்கு முன் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை முழுக்கப் போய்விட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளையை நீங்க, வாங்க என்று அழைப்பதுதான் முறை. கல்யாணத்தன்று ஒருநாள் அப்படி அழைத்தார். மறுநாளிலிருந்து நான் ஸ்டெப்னி.

"வண்டியோட தொங்கிக்கிட்டு வரும். ஓடாது," என்று வருகிறவர்களுக்கு விளக்கம் வேறு சொல்வார். என் பெண்களின் சிநேகிதிகள் என்னை ஸ்டெப்னி அங்கிள் என்றே கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு அது என் பெயர் என்று நினைப்பு. இதையெல்லாம் ஒரு காரணமாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அவர் மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை.

வீட்டை ஒழுங்கு பண்ணும் வேலை என்னிடம் வந்ததற்குக் காரணம் மாமியாரின் பல்செட். ஒரு திங்கட்கிழமை அது காணாமல் போயிற்று. நான்கு நாள் தேடினோம். கடைசியில் என் சின்னப் பெண்ணின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்தது. அந்த நான்கு நாளும் வீட்டில் நல்ல அமைதி நிலவியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல் திரும்பியதும் பேச்சும் திரும்பியது. இனி இந்த வீட்டில் எதுவும் தொலையக் கூடாது, கிடங்கு வைத்திருக்கிற மாப்பிள்ளை வீட்டிலேயே இருக்கும்போது நமக்கென்ன குறை என்று மாமியார் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது தீர்மானம் கொண்டுவந்தார். எல்லோரும் சரி என்றார்கள். மாமனார் மட்டும், ஸ்டெப்னிக்கு இப்போதுதான் ஒரு டிரிப் கிடைத்திருக்கிறது, பார்த்து ஓட்டச் சொல்லுங்கள் என்றார்.

மூன்று நிறத்தில் ஒட்டுச்சீட்டு வாங்கி வந்தேன். பச்சை, இருக்கட்டும். மஞ்சள், யோசிக்கலாம். சிவப்பு, போகட்டும். ஒரு வருடமாக யாரும் தொடாத பொருள் சிவப்பு. கிடங்கிலும் இதே விதிதான்; ஓடாத சரக்கு என்போம். என் மனைவி முதல் நாளே, தூங்கும்போது என் நெற்றியில் எதையாவது ஒட்டிவிடாதீர்கள் என்று சிரித்தாள். சின்னப் பெண் விளையாட்டாகத் தாத்தாவின் முதுகில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டிவிட்டாள். அவர் பகல் முழுக்க அதோடு உலாவினார். நான் எடுக்கவில்லை. மஞ்சள்தானே, யோசிக்கலாம்.

முதல் இரண்டு வாரத்தில் குடை, மூடியில்லாத டப்பா, டப்பாவில்லாத மூடி, ஒற்றைச் செருப்பு, மச்சான் என்றைக்காவது ரிப்பேர் பார்ப்பான் என்று பத்து வருடமாக நம்பப்பட்ட மூன்று மின்விசிறி எல்லாம் போயின. தெருக்கோடிப் பழைய சாமான்காரர் வந்து எடுத்துப் போனார். யாருக்கும் வருத்தமில்லை. மாமியார் சமையலறையில் நின்று கையை இரண்டு பக்கமும் நீட்டி, எதுவும் இடிக்கவில்லை என்று வியந்தார். மச்சான் மனைவி தன் சிநேகிதிகளைக் கூட்டிவந்து காட்டினாள். பதினைந்து வருடத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் என்னைக் கேட்டுச் செய்தார்கள். இதை எங்கே வைக்கட்டும் என்று கேட்டுவிட்டு, நான் சொல்கிறவரைக்கும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

தடை எங்கே வந்தது என்றால், மாமனாரின் ரூட்டில்.

அவருக்குப் பார்வை போனபின் அவர் வீட்டுக்குள் நடந்தது பஸ் ஓட்டுகிற மாதிரிதான். கூடத்தின் நடுவில் இருக்கும் சாய்வு நாற்காலி புறப்படும் இடம். அங்கிருந்து இடக்கையை நீட்டியபடி கிளம்புவார். துணி மலைபோல் குவிந்த ஒடிந்த நாற்காலியில் கை பட்டால் "மார்க்கெட்" என்பார். தைக்காத தையல் மெஷினில் பட்டால் "மில்லு". அடுக்கிக் கட்டிய பழைய பாடப் புத்தகங்கள் "பள்ளிக்கூடம்". அப்புறம் நடையில் நுழைந்து, இடப்பக்கச் சுவரோரம் ஓர் இரும்பு டிரங்குப் பெட்டி. முழங்கால் அதில் தட்டியதும் "டிப்போ". டிப்போவில் வலப்பக்கம் திரும்பினால் எதிரே பாத்ரூம். பிள்ளைகள் பின்னால் வரிசையாகப் பிடித்துக்கொண்டு டிக்கெட் கேட்பார்கள். சில்லறையாக வைத்திரு என்று திட்டிக்கொண்டே போவார்.

பாத்ரூம் வாசலைத் தாண்டி அதே வலப்பக்கத்தில், சரியாக நாலு அடி தள்ளி, கொல்லைக்கு இறங்கும் பின்படி. இருபத்தொரு படி, செங்குத்து, கைப்பிடி கிடையாது. துவைத்த துணியை வாளியோடு கொண்டுபோய்க் காயப்போட இறங்க வேண்டும் என்பதால் பகலில் அந்தக் கதவு திறந்தே கிடக்கும்.

அப்படித் தனியாக நடப்பதற்கு அவர் கொடுத்த மதிப்பு என்ன என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இனி ஒருமுறை விழுந்தால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விழாவிட்டாலும் கண் தெரியாதவரைத் தனியாக நடக்கவிடுவது ஆபத்து, நல்ல முதியோர் இல்லங்கள் இருக்கின்றன, மூன்று வேளையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார்கள் என்று மச்சான் இரண்டு மூன்று முறை பேச்செடுத்தான். அப்போது மாமனார் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே தருகிறேன்.

"யார் கையையும் பிடிக்காம கக்கூசுக்குப் போற வரைக்கும்தான்டா நான் மனுஷன். அதுக்கப்புறம் என்ன எங்க வேணாலும் கொண்டுபோய்ப் போடு."

மச்சான் அதன்பின் பேச்செடுக்கவில்லை.

இப்போது என் சிக்கலைப் பாருங்கள். ஒடிந்த நாற்காலி, தைக்காத மெஷின், படிக்காத புத்தகம். மூன்றும் சந்தேகமே இல்லாமல் சிவப்பு. ஆனால் அவர் தினம் எட்டு முறை அவற்றைத் தொடுகிறார். என் விதிப்படி தொட்ட பொருளை எடுக்கக் கூடாது. இரண்டு நாள் யோசித்தேன். தொடுவது வேறு, பயன்படுத்துவது வேறு என்று எனக்குத் தெளிவாயிற்று. நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மெஷினில் யாரும் தைக்கவில்லை. நாற்காலியை அனுப்பினேன்.

அன்று அவர் கிளம்பி, கையை நீட்டி, மார்க்கெட் வர வேண்டிய இடத்தில் நின்றார். கை காற்றில் அப்படியே தொங்கியது. நடுரோட்டில் நின்றுபோன வண்டி மாதிரி. பிள்ளைகள் பின்னாலிருந்து என்ன தாத்தா என்றார்கள். மார்க்கெட்டை இடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றார். இரண்டு நாள் தடுமாறினார். மூன்றாம் நாள் தரையில் ஓடு பிளந்திருந்த இடத்தைப் பாதத்தால் கண்டுபிடித்து, அங்கே மார்க்கெட் என்றார்.

மெஷின் போனபோது ஒன்றரை நாள். புத்தகம் போனபோது அரை நாள்கூட ஆகவில்லை. இதையெல்லாம் நான் குறித்துவைத்திருக்கிறேன். என் மனைவி, அப்பா தடவித் தடவி நடக்கிறார், போதும் விட்டுவிடுங்கள் என்றாள். அவர் தேறிவருவதை நான் எண்களோடு எடுத்துக் காட்டினேன். உண்மையில் எனக்கு அதில் மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். நான் பொருள்களை எடுக்கிறேன், அவர் அவை இல்லாமலே நடக்கிறார், இரண்டு பேருக்கும் லாபம். ஆனால் ஒவ்வொரு முறை அவர் என்னைக் கடந்து போகும்போதும், "என்ன ஸ்டெப்னி, அடுத்த ஸ்டாப்பு எதைத் தூக்கப் போற?" என்று விசாரித்துக்கொண்டு போனார். எனக்கு அது ஒழுங்குக்கு இடைஞ்சலாகப் பட்டது.

எதுவும் ஒரேயடியாகப் போய்விட்டால் மனிதன் அதைக் கவனித்துவிடுகிறான். கொஞ்சம் நகர்ந்தால் கவனிப்பதில்லை. இது கிடங்கில் நான் கற்றது. டிரங்குப் பெட்டியை எடுக்க வேண்டியதில்லை. நடையில் சுவரோடு சுவராக நாலு அடி தள்ளினால் போதும், அதன் பழைய இடத்தில் ஓர் அலமாரி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அலமாரி எதையும் நான் வாங்கியிருக்கவில்லை. ஆனாலும் டேப் வைத்து இருமுறை அளந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தள்ளினேன். அன்று எனக்கு விடுமுறை. நடையின் கோடியில் ஒட்டுச்சீட்டுச் சுருளோடு நின்றேன்.

அவர் வந்தார். டிப்போ என்றார். வலப்பக்கம் திரும்பினார். ஒரு காலைத் தூக்கினார், வைக்கவில்லை. கீழேயிருந்து டயர் கடையின் ரப்பர் வாடை மேலே வந்துகொண்டிருந்தது. பாத்ரூமில் அந்த வாடை வராது. நிலைச்சட்டத்தைத் தடவிப் பிடித்து, அப்படியே மெல்ல மேல்படியில் உட்கார்ந்தார். யாரையும் கூப்பிடவில்லை.

"ஸ்டெப்னிதானே நிக்கிறது?"

"ஆமா மாமா."

"ரொம்ப நேரமா?"

"இப்பத்தான் வந்தேன்."

"டேப்பு சத்தம் அரை மணி நேரமாக் கேக்குது. டிப்போவ எத்தன அடி தள்ளியிருக்க?"

"நாலு அடி."

"சரியாத்தான் அளந்திருக்க," என்றார்.

அப்புறம் அவர் பேசியதுதான் எனக்குச் சிரமமாகப் போயிற்று. குரலை உயர்த்தவே இல்லை. தன் பெண்ணிடம் இதைச் சொல்லப் போவதில்லை என்றார். சொன்னால் அன்றைக்கே என்னைத் துரத்திவிடுவாள், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் தனியாக நிற்க வேண்டாம் என்றார். பதினைந்து வருடம் ஒருத்தனை ஸ்டெப்னி ஸ்டெப்னி என்று கூப்பிட்டால் அவனுக்கும் ஒருநாள் ஓடிப் பார்க்கத் தோன்றத்தான் செய்யும், அது தன் தப்பு என்றார். "இத்தோட விடு. என் ரோட்டுல மட்டும் கை வைக்காத," என்று முடித்தார்.

ஐயா, நான் அந்த வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தேன். இந்த மன்னிப்பு என்கிற சாமானை நான் கேட்கவும் இல்லை, கையெழுத்துப் போட்டு வாங்கவும் இல்லை. அது பாட்டுக்கு வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டது. சாப்பிடும்போது இடித்தது. குளிக்கும்போது இடித்தது. அதை எந்தத் தட்டில் வைப்பது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

அவர் மேல்படியில் உட்கார்ந்திருந்ததை மச்சான் மனைவி பார்த்துவிட்டாள். மதியம் விசாரணை கூடியது. எங்கள் வீட்டாருக்கு ஒரு பழக்கம் உண்டு. எது நடந்தாலும் பொருளின் மேல்தான் பழி போடுவார்கள். பால் பொங்கி வழிந்தால் பாத்திரம் சரியில்லை. பெண் கணக்கில் தோற்றால் பேனா சரியில்லை. அன்றைக்கும் ஒருவர்கூட, பெட்டி எப்படி நகர்ந்தது என்று கேட்கவில்லை. பெட்டிதான் அவரை ஏமாற்றிவிட்டது என்று ஏகமனதாகத் தீர்ப்பாயிற்று. அந்தச் சனியனை முதலில் வெளியே தூக்குங்கள் என்றார் மாமியார். மாமனார் வாயைத் திறந்து என் பக்கம் முகத்தைத் திருப்பி, மறுபடி மூடிக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் பெட்டியைக் காப்பாற்ற வழியில்லை. அன்று மாலையே பழைய சாமான்காரர் அதை எடுத்துப் போனார். நாற்பத்தொன்றாவது சாமான்.

மறுநாள் புதன்கிழமை மச்சான் மறுபடி இல்லத்தின் பேச்சை எடுத்தான். இந்த முறை என் மனைவியும் மறுக்கவில்லை, அழுதாள். கடைசியில் மாமனார் பத்து நாள் தவணை கேட்டார். பத்து நாளில் யார் கையும் இல்லாமல் போய்வருகிறேன், முடியாவிட்டால் நானே கிளம்புகிறேன் என்றார். யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று மச்சான் கேட்டதற்கு, என் பக்கம் கையை நீட்டினார்.

"இந்த வீட்டுல ஒழுங்கா அளக்கத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்," என்றார்.

மறுநாளிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். சாய்வு நாற்காலியிலிருந்து நேராகப் பதினான்கு காலடி, வலப்பக்கம் திரும்பினால் பாத்ரூம். தடவிக்கொண்டே போனால் பழைய பழக்கம் குறுக்கே வரும், கையை வீசி நடங்கள் என்றேன். முதல் நாள் என் தோளைப் பிடித்தார். மூன்றாம் நாள் சட்டை நுனியைப் பிடித்தார். ஐந்தாம் நாள் எதையும் பிடிக்கவில்லை. சத்தமாக எண்ணிக்கொண்டு, பதினான்கில் பட்டென்று திரும்புவார். ஒருமுறைகூடப் பதின்மூன்றிலோ பதினைந்திலோ திரும்பியதில்லை. பின்படிக் கதவை எப்போதும் தாழிட வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி அதில் ஒட்டினேன். எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். அப்புறம் ஸ்டெப்னி வரவில்லை. நீங்க, வாங்க என்றும் பேசத் தொடங்கினார். எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. மாலையில் அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார், நான் அருகில் நின்று ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கிட்டே வரச் சொல்லி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு ரகசியம் என்றார். பெரிய பேத்தியை விட்டுப் பழைய சாமான்காரருக்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறாராம். அந்தக் குப்பையை எவனும் வாங்கவில்லையாம், நாற்பத்தொன்றும் அப்படியே அவர் கொட்டகையில் கிடக்கிறதாம். நாளைக் காலை பத்து மணிக்கு வண்டி வருகிறதாம்.

"ஒன்பது நாளா என் பின்னாலயே அலைஞ்சுட்டீங்க. எல்லாம் பழைய இடத்துக்கு வந்துட்டா உங்களுக்கு இந்தத் தொல்ல இல்ல பாருங்க, மாப்பிள்ள."

எனக்கு நன்மை செய்வதாகத்தான் அவர் நினைத்தார். அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை. கிடங்கில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். கூடத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தேன். மாலை வெயில் ஜன்னலிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் எதிலும் தடுக்காமல் போய் விழுந்திருந்தது. பதினைந்து வருடத்தில் அந்தச் சுவரின் அடிப்பாகத்தை நான் அப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருந்தேன். பதினெட்டுக் குடைகளும் மறுபடி வருவதை நினைத்தேன். கம்பி துடைத்த துணியை அலசி மாட்டிவிட்டு, நல்ல யோசனை மாமா என்றேன்.

அன்றிரவு சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் கேட்கவே ஒன்று சொன்னேன். நாளைக்குச் சாமான் இறக்க நடுக்கூடத்தில் இடம் வேண்டும், ஆகவே மாமா தூங்கப்போனதும் சாய்வு நாற்காலியைப் பின்பக்கம் மூன்று காலடி தள்ளிப் போடப் போகிறேன் என்றேன். ரகசியம் இப்படி உடைந்ததில் மாமியார் கொஞ்சம் முனகினார், மாமனார் சிரித்தார். அப்படியென்றால் நாளைக்கு எண்ணிக்கை எவ்வளவு என்று அவரே கேட்டார்.

"பதினேழு," என்றேன்.

"பதினேழு," என்று திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நாற்காலியை நான் தொடவே இல்லை.

சனிக்கிழமை என்பதால் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. டயர் கடை ஒன்பது மணிக்குத்தான் ஷட்டரைத் தூக்கும். ஏழு மணிக்கு ரப்பர் வாடை இருக்காது. ஆறே முக்காலுக்கு நான் போய்ப் பின்படிக் கதவின் தாழை நீக்கி, கதவைச் சுவரோடு சாய்த்துவைத்தேன். என் சீட்டு அதில் ஒட்டியபடி இருந்தது. மாமனார் டீ குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார். நான் சமையலறை வாசலில் டம்ளர்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிக்கொண்டிருந்தேன். கையை வீசி, நேராக, சத்தமாக எண்ணிக்கொண்டு போனார். பதினான்கில் அவர் கால் ஒரு கணம் தயங்கிய மாதிரி எனக்குத் தோன்றியது. உடம்புக்குப் பழகிப்போயிருந்தது அல்லவா.

"பதினேழுதானே மாப்பிள்ள?" என்று திரும்பாமல் கேட்டார்.

"பதினேழுதான் மாமா."

பதினேழு என்று சொல்லி வலப்பக்கம் திரும்பினார்.

பிறகு நடந்ததற்கு நீங்களே வந்துவிட்டீர்கள். நீங்கள் கிளம்பிப் போன சற்று நேரத்தில், சொன்னபடி பத்து மணிக்கு வண்டியும் வந்தது. துக்கம் கேட்க வந்தவர்களும் பதினெட்டுக் குடையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டார்கள். பழைய சாமான்காரர் விஷயம் தெரிந்து தலையில் கைவைத்துக்கொண்டு, திருப்பி எடுத்துப் போகிறேன் என்றார். நானும் அதுதான் முறை என்றேன். மாமியார் விடவில்லை. அவர் ஆசைப்பட்டுக் கேட்ட சாமான், ஒன்று விடாமல் உள்ளே வர வேண்டும் என்று அழுதார். நாற்பத்தொன்றும் வந்தன. மார்க்கெட் இருந்த இடத்தில் மார்க்கெட், மில் இருந்த இடத்தில் மில். பிள்ளைகளுக்கு எல்லா இடமும் ஞாபகம் இருந்தது. பெட்டியைப் பாத்ரூமுக்கு நேர் எதிரே வைத்துவிட்டார்கள். போகும்போதும் வரும்போதும் என் மனைவி அதைத் தொட்டுவிட்டு நடக்கிறாள். எதையும் ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. கூடுதலாக அவருடைய பெரிய படம் ஒன்று வந்திருக்கிறது. அதை மாட்ட என் தட்டுக்கு மேலிருந்த சுவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நானும் அங்கேதான் இருக்கிறேன். இருந்துகொள்ள முடிகிறது. அதற்காக நான் இதை எழுதவில்லை.

எழுதக் காரணம் உங்கள் அறிக்கை. சாட்சியாகக் கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுக்கப் படித்தேன். எதையும் படிக்காமல் போடுவதில்லை. எழுத்து மணிமணியாக இருந்தது. நான்காவது வரியில், கண்பார்வையற்ற முதியவர் காலடி எண்ணிக்கையில் தவறியதால் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பேனாவை நீட்டினீர்கள், பின்னால் அழுகைச் சத்தம், போட்டுவிட்டேன். அதிலிருந்து அந்த வரி என்னை விடவில்லை. மாமியாரும் வருகிறவர்களிடமெல்லாம், கடைசியில் அவருக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது என்றே சொல்கிறார். முப்பத்திரண்டு வருடம் வண்டியைச் சொன்ன நிமிடத்துக்கு ஸ்டாப்பில் நிறுத்திய மனிதர். அவரைப் பற்றி அப்படி ஒரு தவறான தகவல் காகிதத்தில் இருப்பது நியாயமில்லை.

அவருக்கு எண்ணிக்கை தவறவில்லை. பதினேழு என்று சொல்லப்பட்டது, பதினேழு எண்ணினார். சரியான எண் பதினான்கு. தவறான எண்ணைத் தெரிந்தே கொடுத்தது நான். கதவைத் திறந்துவைத்ததும் நான். ஆகவே நான்காவது வரியை ஒரே கோடாக அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் தங்கள் சுருக்கொப்பத்தை இடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மற்றபடி, மேலே தலைப்பில் விபத்து என்று போட்டிருப்பது உட்பட, அறிக்கையில் குறை சொல்ல எதுவும் இல்லை.